தாம்பாளத்தில் வந்த சுதந்திரமா? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நான் கொட்டாஞ்சேனையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறேன். போன கிழமை இலங்கையின் சுதந்திரம் பற்றிய பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது பின் வாங்கிலிருந்து ஒரு பையன் எழும்பினான். "இந்தியாவில உப்புச் சத்தியாக்கிரகம் இருக்கு, ஜாலியன்வாலாபாக் இருக்கு, பகத்சிங் இருக்கு. எங்கட ஆக்கள் என்ன செய்தவை? வெள்ளைக்காரன் தாம்பாளத்தில வைச்சுத் தந்திட்டுப் போனதுதானே?" என்று கேட்டான். பொன்னம்பலம் சகோதரர்களான இராமநாதன், அருணாசலம் பற்றிச் சொன்னேன். "அவை மனுத்தானே எழுதினவை" என்றான். 1931இலேயே எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்ததையாவது நாங்கள் பெருமையாகச் சொல்லலாமா, இல்லை அதுவும் டொனமூர் துரை போட்ட பிச்சைதானா? நீங்கள் பதில் எழுதினால் வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.

பிரசாந்தி, கொழும்பு 13

அன்புள்ள பிரசாந்தி,

அந்தப் பையனை முதலில் பாராட்டிவிடுங்கள். அவன் சொன்னதில் பாதி சரி. சுதந்திரத்தை மேடையில் கையேற்ற தலைவர்களைப் பற்றி மட்டும் பேசினால் அவன் சொன்னது பெரும்பாலும் உண்மை. ஆனால் நாங்கள் அந்தத் தலைவர்களின் கதையைத்தான் நாட்டின் கதை என்று படிப்பித்து வருகிறோம், பிழை அங்கேதான் இருக்கிறது. யார் வாக்குக் கேட்டார்கள், யாருக்காகக் கேட்டார்கள், யாருக்குக் கொடுக்க வேண்டாம் என்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அப்போது வேறு ஆட்கள், வேறு தெருக்கள் தெரியவரும்.

1833இல் சட்டநிரூபண சபை தொடங்கியபோது 15 பேர். அதில் 9 பேர் அரசாங்க உத்தியோகத்தர். மிச்சம் 6 பேரில் மூன்று ஐரோப்பியர், ஒரு சிங்களவர், ஒரு தமிழர், ஒரு பறங்கியர், எல்லோரும் தேசாதிபதி, அதாவது பிரிட்டிஷ் ஆளுநர், நியமித்தவர்கள். கிட்டத்தட்ட எண்பது வருசம் இந்த நாட்டில் பிறந்த ஒருவர்கூட வாக்குப் போட்டு யாரையும் அந்தச் சபைக்கு அனுப்பவில்லை. 1911இல்தான் 'படித்த இலங்கையர்' என்று ஒரு தொகுதி வந்தது, தீவு முழுவதுக்கும் ஒரே தொகுதி, மூவாயிரத்துக்கும் குறைவான வாக்காளர். பொன்னம்பலம் இராமநாதன் மார்கஸ் பெர்னாண்டோவை வென்றார். ஒரு தமிழரைச் சிங்களவரும் சேர்ந்து தெரிவு செய்தார்கள் என்று பெருமையாகச் சொல்வோம், சொல்லலாம்தான், ஆனால் பெர்னாண்டோ கராவ சாதியைச் சேர்ந்தவர் என்பதால் உயர்சாதிச் சிங்களவர் பலர் அவருக்கு வாக்களிக்கவில்லை என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

1915ஐப் பிள்ளைகளுக்கு நின்று நிதானமாகச் சொல்லுங்கள். சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் கலவரம் மூண்டது, அரசாங்கம் இராணுவச் சட்டம் கொண்டுவந்தது, விசாரணை என்ற பெயரில் நடந்ததெல்லாம் பழிவாங்கல். ஹென்றி பெட்றிஸ் என்ற இளைஞனைச் சுட்டுக் கொன்றார்கள். டி. எஸ். சேனநாயக்க உட்படப் பலர் சிறைக்குப் போனார்கள். இராமநாதன் சபையில் தேசாதிபதியின் ஆட்களைப் பிடித்து உலுக்கினார், போர்க்காலத்தில் கடல் கடந்து லண்டன் வரை போய்ச் சிங்களவருக்காக வழக்காடினார், திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவருடைய வண்டியைச் சிங்களத் தலைவர்களே இழுத்துப் போனார்கள். அந்தக் காட்சியை மட்டும் சொல்லி நிறுத்திவிட வேண்டாம். அந்தக் கலவரத்தில் கடையும் உயிரும் இழந்தவர்கள் முஸ்லிம்கள். உங்கள் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் வீட்டில் இராமநாதனின் பெயர் வேறு மாதிரி நினைவில் இருக்கும், அதற்கு அவர்களுக்கு நியாயம் உண்டு.

அவருடைய தம்பி அருணாசலம்தான் எனக்கு நெருக்கமானவர். 1919 டிசம்பரில் இலங்கை தேசிய காங்கிரஸ் உருவானபோது முதல் தலைவர் அவர்தான். பாடப் புத்தகம் அதைச் சொல்லும். அதே வருசம் தோட்டத் தொழிலாளரின் நலனுக்காக அவர் ஒரு சங்கம் தொடங்கியதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்தக் காலத்தில் ஒரு தொழிலாளி கடனைத் தீர்க்காமல் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம், சிறைக்கு அனுப்பலாம். 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் அவர் அங்கே போகலாம், கட்டிய கடன் புதிய இடத்திலும் அவர் தலையில்தான் ஏறும். ஆளைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றுகிற ஏற்பாடு அது. இதற்கு எதிராக எழுதிப் பேசிப் போராடியவர்களில் அருணாசலம் முக்கியமானவர், 1921இல் துண்டு முறை ஒழிந்தது. "மனுத்தானே எழுதினவை" என்ற பையனுக்கு இதைச் சொல்லுங்கள்: மனு யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அதே 1921இல் கொழும்புத் தமிழருக்குத் தருவதாகச் சொன்ன ஆசனத்தைச் சிங்களத் தலைவர்கள் தராமல் விட்டதால் அருணாசலம் காங்கிரசை விட்டு வெளியேறினார். தான் கட்டிய வீட்டை விட்டு இரண்டே வருசத்தில் வெளியேற வேண்டிவந்தது. 1924இல் இறந்துபோனார்.

அப்புறம் கொழும்புத் தெருக்களுக்கு வாருங்கள். உங்கள் பிள்ளைகள் தினமும் பார்க்கிற துறைமுகத்தில், ரயில் வேலைத்தளங்களில், 1923இல் பொது வேலைநிறுத்தம் நடந்தது. 1927இல் துறைமுகம் மறுபடியும் நின்றது, 1929இல் டிராம் ஊழியர் நிறுத்தினார்கள், மருதானையில் பொலிஸ் சுட்டது. முன்னால் நின்றவர் ஏ. ஈ. குணசிங்க. அவர் பின்னாளில் மலையாளித் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பிய கதை கசப்பானது. ஆனால் இருபதுகளில் சிங்களவர், தமிழர், மலையாளிகள் என்று எல்லோரையும் ஒரே சங்கத்தில் வைத்திருந்தவரும் அவர்தான். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசையர் அவரோடு கொஞ்சக் காலம் வேலை செய்தார், பிறகு பிரிந்து மலையகத்துக்குப் போய்விட்டார். வெளியார் தோட்டத்துக்குள் காலடி வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரியின் ஆளைப் போல உள்ளே போய், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைப் பார்த்து வந்து எழுதியவர் அவர். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுக் கட்டிப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். இவர்கள் இருவரும் இல்லாமல் சுதந்திரப் பாடம் எடுத்தால் அது பாதிப் பாடம்தான்.

இனி டொனமூர். பிச்சையா என்று கேட்டிருந்தீர்கள். யாப்பைச் சீர்திருத்த பிரிட்டன் அனுப்பிய, டொனமூர் பிரபு தலைமையிலான ஆணைக்குழு 1927 நவம்பரில் வந்து இறங்கியபோது இந்த நாட்டில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் வாக்கு இருந்தது. தேசிய காங்கிரஸ் போய் என்ன கேட்டது தெரியுமா? மாதம் 50 ரூபா சம்பாதிக்கிறவனுக்கு மட்டும் வாக்குக் கொடுங்கள் என்று! சுயாட்சி வேண்டும் என்று கேட்ட அதே வாயால், தன் வீட்டுச் சமையற்காரனுக்கு வாக்கு வேண்டாம் என்றார்கள். பரந்த வாக்குரிமை கேட்டது குணசிங்கவின் தொழிற்சங்கம். பெண்கள் 1927 டிசம்பரில் தங்களுக்கென்று ஒரு வாக்குரிமைச் சங்கம் அமைத்து ஆணைக்குழுவின் முன் போனார்கள். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று டொனமூர் பிரபு கேட்டபோது, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று சொன்னார் அக்னஸ் டி சில்வா. இந்த ஒரு பதிலுக்காகவே அவருடைய பெயரை உங்கள் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும். ஆகவே அது பிச்சை இல்லை. கேட்டவர்கள் இருந்தார்கள், அவர்கள் பெரிய வீட்டுத் தலைவர்கள் இல்லை, அவ்வளவுதான். ஆணைக்குழுவில் ட்ரமண்ட் ஷீல்ஸ் போன்ற தொழிற்கட்சிக்காரர் இருந்ததும் உதவியது.

அந்தத் திட்டம் 1929 டிசம்பரில் சட்டநிரூபண சபையில் 19க்கு 17 என்று தப்பிப் பிழைத்தது. எங்கள் தமிழ்த் தலைவர்கள் எதிர்த்தார்கள். இராமநாதன் கடைசிவரை எதிர்த்தார். இனவாரிப் பிரதிநிதித்துவம் போனால் சிறுபான்மை நசுங்கிவிடும் என்று அவர்கள் பயந்தது வீண் பயம் இல்லை, பிற்காலம் அதைக் காட்டிவிட்டது. ஆனால் பெண்ணுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரனுக்கும் வாக்குப் போகக்கூடாது என்ற எண்ணமும் அந்த எதிர்ப்புக்குள் கலந்திருந்தது. முதல் காரணத்தைச் சொல்லி இரண்டாவதை மறைப்பது எங்கள் பழக்கம், அதை விட்டுவிட வேண்டும். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் வேறு வழியில் போனது. ஹண்டி பேரின்பநாயகமும் நண்பர்களும் 1927இல் காந்தியை அழைத்து வந்தவர்கள், சாதி பாராமல் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தவர்கள். முழுச் சுயராச்சியம் தராத யாப்பு எங்களுக்கு வேண்டாம் என்று 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள், குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒரு நியமனப் பத்திரம்கூடத் தாக்கலாகவில்லை. தெற்கும் கூட வரும் என்று நம்பினார்கள், வரவில்லை. எங்கள் அரசியலில் இவ்வளவு தூய்மையான நோக்கத்தோடு நடந்த காரியம் குறைவு, இவ்வளவு நட்டம் தந்த காரியமும் குறைவு என்பது என் எண்ணம்.

இரத்தம் சிந்தவில்லையே என்று அவன் மறுபடி கேட்டால், 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுக் கொன்ற கோவிந்தனைச் சொல்லுங்கள். 1942இல் கொக்கோஸ் தீவில் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு எதிராகக் கலகம் செய்ததற்காகத் தூக்கில் ஏற்றப்பட்ட மூன்று இலங்கைச் சிப்பாய்களைச் சொல்லுங்கள். எண்ணிக்கையில் இந்தியாவோடு போட்டி போடத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று, இதை வகுப்பில் விட்டுவிட வேண்டாம். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது, வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்கு உதவியது. 1948 பெப்ரவரி 4ஆம் தேதி சுதந்திரம். அதே வருசம் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். முல்லோயாவில் குண்டு வாங்கிய மக்களின் வாக்கு, சுதந்திர நாட்டின் முதல் பாராளுமன்றத்தால் பறிக்கப்பட்டது. லண்டனில் இருந்த உச்ச மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போனது, 1953இல் தோற்றது. தொகுதி வகுக்கும்போது அவர்களைத் தலை எண்ணினார்கள், வாக்குப் பெட்டிக்கு முன்னால் அவர்கள் இல்லாத ஆட்கள். இதைச் செய்த அரசாங்கத்தில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் மந்திரியாகச் சேர்ந்தார், அதனால் அவருடைய கட்சி உடைந்தது, செல்வநாயகம் வெளியேறித் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். வாக்குரிமை முழுதாகத் திரும்பி வர, இந்தியாவோடு ஒப்பந்தங்கள், ஆட்களை அங்கே அனுப்பிய கப்பல்கள், சட்டங்கள் என்று 2003 வரை இழுத்தது.

கொட்டாஞ்சேனை வகுப்பென்றால் மலையகக் குடும்பத்துப் பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். வீட்டில் போய், தாத்தாவும் பாட்டியும் எந்த வருசம் முதல் முறை வாக்குப் போட்டார்கள் என்று எல்லாப் பிள்ளைகளையும் கேட்டு வரச் சொல்லுங்கள். வெள்ளவத்தைப் பிள்ளைக்கு ஒரு வருசம் வரும், ஹட்டனிலிருந்து வந்த பிள்ளைக்கு வேறு வருசம் வரும். பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். அவர்கள் கொண்டு வருகிற வருசங்களை எனக்கும் எழுதி அனுப்புங்கள், அந்தப் பையன் என்ன கேட்டான் என்பதையும்.

அன்புடன்.