இசைக் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று மாத விடுமுறையில் என்னதான் செய்கிறார்கள்?

கேட்டிருப்பவர் ஓர் அப்பா. மகள் இங்கே சிங்கப்பூரில் செல்லோ வாசிப்பையே பட்டப்படிப்பாக எடுத்து முதலாண்டு முடித்திருக்கிறாள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து ஒன்பது நாளாகிறது, இன்னும் செல்லோப் பெட்டியைத் திறக்கவில்லை. மற்ற பிள்ளைகள் இந்த மூன்று மாதத்தை எப்படிக் கழிக்கிறார்கள், இவளிடம் என்ன சொல்வது என்று கேட்கிறார்.

நான் இதே ஊரில் வயோலா படித்து முடித்தவள். (சொந்தக்காரர்களுக்கு அது இன்றுவரை "பெரிய வயலின்"தான். தீபாவளிக்குப் போனால் "லால்குடி மாதிரி வாசிப்பியா?" என்று ஓர் அத்தையாவது கேட்காமல் விடமாட்டார்.) ஒன்பது நாள் எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. இன்னும் சில நாள் போகட்டும் என்றுதான் சொல்வேன். காரணம் என் முதல் விடுமுறை.

நாங்களும் பேச்சுக்குக் கோடை விடுமுறை என்றுதான் சொல்வோம். இங்கே ஏது கோடை, ஏது குளிர்? தேசியப் பல்கலைக்கழக நாள்காட்டிப்படி மே மாதத் தொடக்கத்தில் விடுவார்கள், ஆகஸ்ட் முதல் பாதியில் மறுபடி தொடங்கும். இயோங் சியூ தோ இசைக் கல்லூரியும் அந்தப் பல்கலைக்கழகத்துக்குள்தான் இருக்கிறது. விடுவதற்குச் சற்று முன்னால் 'ஜூரி' நடக்கும். ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், நாம் ஒரு வருட உழைப்பை அவர்கள் முன் சில நிமிடங்களில் வாசித்துவிட்டு வெளியே வரவேண்டும். வந்ததும் பசி, தூக்கம், எரிச்சல் மூன்றும் ஒன்றாக வரும். அந்த நிலையில்தான் உங்கள் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

முதலாண்டு ஜூரி முடிந்த மறுநாளே நான் வாசிக்க உட்கார்ந்தேன். வகுப்பில் எல்லோரும் என்னைவிட நன்றாக வாசிப்பதாகப் பயம். ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி பாவம், நடைபாதையில் பார்க்கும்போதெல்லாம் "பாட்டு மாறவே இல்லையே?" என்பார். அதன்பிறகு குதிரைமேல் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) சத்தத்தை அடக்கும் ரப்பர் மியூட் மாட்டிக்கொண்டேன். மியூட் போட்டால் சத்தம் எழும்பாது, காதுக்குப் போதாது. நம்மை அறியாமலே வில்லை அழுத்துவோம், இடது கையும் சேர்ந்து இறுகும். வயலினின் உடல் 14 அங்குலம்தான். என் வயோலா 16, கனமும் அதிகம், சுண்டுவிரல் எட்டிப் பிடிக்கவேண்டிய தூரமும் அதிகம். நாலாவது வாரம் காப்பிக் கோப்பையைத் தூக்கும்போது முன்கையில் சுரீர் என்றது. அப்போதும் இரண்டு நாள் வாசித்தேன், முட்டாள்.

இயன்முறை மருத்துவர் மூன்று வாரம் தொடாதே என்றார். திரும்பத் தொடங்கியபோது நாளுக்குப் பதினைந்து நிமிடம். கைப்பேசியில் மணி வைத்துக்கொண்டு, அடித்தால் வைத்துவிட வேண்டும், இசை வரி பாதியில் நின்றாலும் சரி. ஆக, பத்து நாள் ஓய்வெடுக்க மனசில்லாதவளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் போனது. கல்லூரி திறந்ததும் என் ஆசிரியரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "விடுமுறையில் உனக்கு ஆசிரியர் யார்?" என்று மட்டும் கேட்டார். பதில் தெரியவில்லை, ஏனென்றால் யாரும் இல்லை. அந்த மூன்று மாதமும் என்ன வாசிப்பது, எப்போது நிறுத்துவது என்று சொல்ல ஆள் கிடையாது. உங்கள் மகள் படிக்க வேண்டியது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த வருடத்திலிருந்து என் வழக்கம் மாறியது. முதல் பத்து நாள் பெட்டி மூடியே இருக்கும். அப்புறம் ஜூரிப் பதிவை ஒரே ஒரு முறை கேட்டு, உடைந்த இடங்களை ஒரு தாளில் எழுதுவேன். ஒரு வருடம் அதில் வெறும் இரண்டு வரிதான் இருந்தது: "வில் மாற்றும்போது சத்தம் வெட்டுகிறது. மூன்றாம் விரல் எப்போதும் கொஞ்சம் மேலே." அந்த இரண்டுக்கும் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்துத் தினமும் முக்கால் மணி நேரம். மீதி நேரம் புதுப் பாடம். வயோலாக்காரர்களிடம் ஆடிஷன்களில் வழக்கமாகக் கேட்கும் கான்செர்ட்டோக்கள் (இசைக்குழுவோடு ஒருவர் தனித்து வாசிக்கும் படைப்புகள்) மூன்று, பார்தோக், ஹிண்டமித், வால்டன் எழுதியவை. அதில் ஒன்றின் சுரங்களையாவது விடுமுறையிலேயே கைக்குள் கொண்டுவந்துவிட்டால் பருவத்தில் வகுப்பு நேரம் விரல் தேடுவதில் போகாது. மொத்தம் மூன்று மணி நேரம். அதற்கு மேல் நான் வாசித்ததில்லை, பயம்தான்.

இனி காசு. பெரும்பாலானோர் விடுமுறையில் சம்பாதிக்கத்தான் செய்வார்கள். ஜூனில் பள்ளிகளுக்கும் நான்கு வாரம் விடுமுறை, ஏபிஆர்எஸ்எம் கிரேடு தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கலாம். நான் உட்லண்ட்ஸில் ஒரு எட்டு வயதுப் பையனுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தேன். தோளை எப்போதும் காதுவரை தூக்கிக்கொள்வான். "தோளைப் போடு, தோளைப் போடு" என்று சொல்லிச் சொல்லி ஒரு நாள் என் தோளும் அதே உயரத்தில் இருப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். மணிக்கு ஐம்பது வெள்ளி வாங்கிக்கொண்டு நானே ஒரு பாடம் படித்துவிட்டு வந்தேன்.

திருமண வாசிப்பு வேறு ரகம். நால்வர் குழுவாகச் செந்தோசா கடற்கரையில் பகல் மூன்று மணிக்கு வாசித்திருக்கிறேன். காற்றில் தாள் பறக்கும், அதனால் ஆளுக்கு ஆறு துணி கிளிப் எடுத்துப்போவோம். வெயிலில் தந்தியின் சுருதி நிமிடத்துக்கு நிமிடம் இறங்கும். ஒரு ஏற்பாட்டாளர் மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தந்தார், அதுவும் பாதியை முதலில், மீதியைக் கெஞ்சிய பிறகு. எழுத்தில் வாங்காமல் போகாதே என்று மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் வெளிநாட்டு இசை விழாக்கள் மூன்றாவது வகை. இதில் பெற்றோர் கவனிக்கத் தவறுவது நேரம். ஜூலையில் நடக்கும் விழாவுக்கு முந்தைய டிசம்பர், ஜனவரியிலேயே விண்ணப்பமும் ஒளிப்பதிவும் போயாக வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் மார்கழிக் கச்சேரிக்குச் சென்னை கிளம்பியிருக்க, நான் வெளியே அடிக்கும் மழைச் சத்தம் பதிவில் விழாமல் இருக்க அலமாரிக் கதவைத் திறந்துவைத்து, துணிகளுக்கு நடுவே நின்று வாசித்துக்கொண்டிருந்தேன். ஆகையால் இந்த வருடத்துக்கு உங்கள் மகள் ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதற்காக அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம், முதலாண்டில் பலர் போவதில்லை.

கட்டணமும் இடத்துக்கு இடம் மாறும். பாஸ்டன் சிம்பொனி நடத்தும் டாங்கில்வுட்டிலும் கலிபோர்னியாவின் மியூசிக் அகாடமி ஆஃப் தி வெஸ்ட்டிலும் தேர்வானால் கல்விக் கட்டணம் இல்லை, அதனாலேயே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பக்கத்தில் பார்த்தால் 1990-இல் இசை நடத்துநர் பெர்ன்ஸ்டைன் தொடங்கிவைத்த ஜப்பானின் சப்போரோ பசிபிக் இசை விழாவும், வயலின் மேதை மெனுஹின் பெயரோடு சேர்ந்த ஆசிய இளையர் இசைக்குழுவும் உண்டு. நான் மூன்றாம் ஆண்டு முடிந்ததும் கொலராடோவின் ஆஸ்பென் போனேன். பாதி உதவித்தொகை, மீதி செந்தோசாக் காசும் அப்பா தந்ததும். அங்கே விழா ஆகஸ்ட் பிற்பகுதிவரை ஓடும், நமக்கோ அதற்கு முன்பே வகுப்பு தொடங்கிவிடும். ஆகவே பாதிப் பருவத்துக்கு மட்டும் சேர்ந்தேன்.

ஆஸ்பென் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரம், காற்றில் ஈரமே இல்லை. நம் ஊர்க் காற்றில் ஊறிக் கிடந்த மரம் அங்கே போனால் சுருங்கும். முதல் காலை பெட்டியைத் திறந்தேன். தந்தியை முறுக்கும் நான்கு பிருடைகளும் சுருங்கி வழுக்கி, நான்கு தந்திகளும் தொளதொளவென்று கிடந்தன. குதிரை குப்புற விழுந்திருந்தது. வயோலாவைத் தூக்கியபோது உள்ளே ஏதோ உருண்டது. உடலுக்குள் நிற்கும் சின்னக் குச்சியை எந்தப் பசையும் பிடித்திருக்காது, தந்தியின் இழுவிசைதான் பிடித்து நிறுத்தும். அதுவும் விழுந்துவிட்டது. கீழ் ஓரத்தில் ஒட்டும் பிரிந்திருந்தது. அழுகையே வந்துவிட்டது. பழுதுபார்ப்பவர் அதைப் பார்த்துச் சிரித்தார். தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையால் வேண்டுமென்றே கொஞ்சம் பலவீனமாக ஒட்டுவார்களாம், மரம் சுருங்கும்போது பலகை வெடிக்காமல் ஒட்டு மட்டும் விடட்டும் என்று. மாலைக்குள் சரிசெய்து கொடுத்தார். உள்ளே தொங்கவிட ஈரக் குழாய் ஒன்றும் தந்தார், அதைத் தினமும் நனைத்துப் போடுவது வேலையாகிவிட்டது. மகள் பின்னாளில் போனால் இங்கிருந்தே அந்தக் குழாயை வாங்கிக்கொண்டு போகட்டும்.

மற்றவர்கள்? பியானோக்காரர்களுக்குத் துணை வாசிப்பு வேலை எப்போதும் இருக்கும். பாட்டுப் படிப்பவர்களில் சிலர் இத்தாலியன், ஜெர்மன் உச்சரிப்பை இந்த மாதங்களில்தான் சரிசெய்வார்கள். எஸ்பிளனேட் கச்சேரி அரங்கில் நுழைவுச்சீட்டு பார்க்கும் வேலைக்குப் போய், வேலையோடு கச்சேரியும் கேட்ட தோழி உண்டு. ஒன்றும் செய்யாமல் பினாங்கில் பாட்டி வீட்டில் கிடந்துவிட்டு வந்த ஒருத்தியும் உண்டு. அடுத்த பருவம் எங்களில் நன்றாக வாசித்தவள் அவள்தான்.

ஆகவே வாசி என்று சொல்லாதீர்கள். ஒன்றை மட்டும் சொல்லுங்கள். இங்கே பெட்டியை வாரக்கணக்கில் மூடி வைத்தால் இருட்டுக்குள் சிறு பூச்சி வந்து வில்லின் குதிரைமுடியைத் தின்றுவிடும், பூஞ்சணமும் பிடிக்கும். எனக்கு ஒருமுறை திறந்த கையோடு முடி கொத்தாகக் கழன்று வந்தது, மறுபடி முடி கட்ட நல்ல காசு ஆனது. இரண்டு நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, பத்து நிமிடம் வெளிச்சம் படவைத்து, மூடிவிடட்டும்.