கருவாட்டுப் பாயில் பச்சை ஈ

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் நாங்கள் கருவாடு காயவைக்கும் பாயில் பச்சையாக மின்னும் ஈ மொய்க்கிறது. மொபைலில் எடுத்த மூன்று படங்களை அனுப்பியிருக்கிறேன். முடியைப் பார்த்தே என்ன ஈ என்று சொல்லிவிடலாம் என்கிறான் காலேஜில் படிக்கும் என் தங்கை மகன். நிஜமா, கதை விடுகிறானா?
- ஒரு வாசகி, கடலூர்

பதில்: கதை இல்லை, பையன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். ஈயின் உடம்பில் பொடியாகப் படர்ந்த முடி ஒருபக்கம் இருக்க, சின்னக் குழியில் கம்பி நட்டது போலத் தடித்து நிற்கும் முடியும் உண்டு. எண்ண வேண்டியது தடித்த முடியைத்தான். அது எங்கே நிற்கிறது, எத்தனை நிற்கிறது என்பது ஓர் இனத்துக்குள் பெரும்பாலும் மாறாது. முடி ஒடிந்து விழுந்தாலும் குழி அப்படியே இருக்கும், அதை வைத்து எண்ணிவிடலாம். இந்தக் கணக்குக்குக் கேட்டோடாக்சி என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் பெயர் வைத்த ஆஸ்டன் சாக்கன் நியூயார்க்கில் ரஷ்யத் தூதரக அதிகாரியாக இருந்தவர். ஆபீஸ் வேலைக்கு நடுவே ஈக்கும் நேரம் கிடைத்திருக்கிறது!

உங்கள் முதல் இரண்டு படங்களில் பளபளப்பு மட்டும்தான் தெரிகிறது. நிறத்தை நம்ப முடியாது, ஏனென்றால் வீட்டு ஈயின் சொந்தக்காரர்களிலேயே நியோமியா என்று பச்சையாக மின்னும் கூட்டம் ஒன்று உண்டு. மூன்றாவது படம்தான் படம். பக்கவாட்டில் இறக்கையின் அடிக்குக் கீழே, பின்னங்கால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, வேலி போட்டாற்போல ஒரு வரிசை முடி நிற்கிறது பாருங்கள். வீட்டு ஈக்கு அந்த வேலி கிடையாது. ஆகவே இது பிணத்திலும் அழுகலிலும் முட்டையிடும் கலிஃபோரிடே குடும்பம்.

அந்தக் குடும்பத்துக்குள் இது லூசிலியா என்ற கூட்டமா, கிரைசோமியா என்ற கூட்டமா? லூசிலியாவின் முதுகில் தடித்த முடி ஜோடி ஜோடியாக நன்றாக எழுந்து நிற்கும், கிரைசோமியாவுக்கு அந்த இடம் கிட்டத்தட்ட வழுக்கை. உங்கள் ஈ வழுக்கைதான். கன்னம் ஆரஞ்சு நிறம், தலை பெரியது, முன்பக்க மூச்சுத்துளை கருப்பு, எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கிரைசோமியா மெகாசெபாலா. கருவாட்டைக் கெடுப்பதில் பேர்போன ஈ. இதுவே லூசிலியாவாக இருந்திருந்தால் மாட்டியிருப்பேன். அதில் குப்ரினா, செரிகேட்டா என்ற இரண்டு இனங்களைப் பிரிக்கத் தலைக்குப் பின்னால் பார்க்க வேண்டும், முன்னதற்குப் பக்கத்துக்கு ஒரு குட்டி முடி, பின்னதற்கு 6 முதல் 8. மொபைலில் அது எங்கே விழப்போகிறது!

அடுத்த தடவை ஃப்ளாஷ் வேண்டாம். விடிகாலையில் ஈ மந்தமாக இருக்கும்போது மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று எடுங்கள். அப்பவும் அசைந்தால் டப்பாவில் பிடித்துச் சில நிமிடம் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், வீட்டில் திட்டு விழுந்தால் நான் பொறுப்பில்லை.

கேள்வி: வீட்டு ஈயைவிடப் பெரிதாக, சாம்பல் நிறத்தில், முதுகில் மூன்று கருப்புக் கோடுடன் ஓர் ஈ சமையலறை ஜன்னலில் உட்கார்ந்தது. படம் இணைத்துள்ளேன். இனப் பெயர் வேண்டும்.
- ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: சதை ஈ. வீட்டு ஈக்கு நான்கு கோடு, இதற்கு மூன்று. பக்கவாட்டு வேலி இதற்கும் உண்டு, ஆனால் இறக்கைக்குச் சற்று முன்னால், தோளோரத்து முக்கோணத்தில் முடியை எண்ணினால் பெரும்பாலும் நான்கு வரும், முன்னே சொன்ன பச்சை ஈக்கு இரண்டுதான். இனப் பெயர் கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். இந்தக் கூட்டத்தில் ஆண் ஈயின் பிறப்புறுப்பை வெளியே இழுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் பெரும்பாலும் முடிவு சொல்வார்கள், நீங்கள் எடுத்திருப்பதோ ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. ஒன்று மட்டும், குழம்புச் சட்டியை மூடி வையுங்கள், இது முட்டையிடாமல் நேராகப் புழுவையே போட்டுவிட்டுப் போகும்.