அத்தையின் செட்டில்மென்ட் பத்திரம்: சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸோடு கதை முடியவில்லை

உசிலம்பட்டி பக்கம் 68 வயது அத்தை 2019-ல் வீட்டை மூத்த மகன் பேருக்கு எழுதிக் கொடுத்தார், இப்போது சோறுகூடப் போடுவதில்லை, பத்திரத்தை ரத்து செய்ய மகன் கையெழுத்து வேண்டும் என்று பதிவு அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அவர்கள் சொன்னது அவர்கள் வரைக்கும் சரிதான் தம்பி, ஆனால் நீங்கள் போக வேண்டிய இடம் உசிலம்பட்டி கோட்டாட்சியர் அலுவலகம்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன்படி அங்கே தீர்ப்பாயம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் மனு போதும், வக்கீல் கட்டாயமில்லை, மகன் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம், அதாவது பராமரிப்புத் தொகை, தர வேண்டும் என்று உத்தரவிடலாம். வீட்டைத் திரும்பப் பெற அதே சட்டத்தின் பிரிவு 23, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்ய வழி தருவது அதுதான். "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்கிற மாதிரி ஒரு வரி பத்திரத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் கேஸ் பலம். வெறும் "அன்பின் பேரில்" என்று மட்டும் இருந்தாலும் விட்டுவிடாதீர்கள், அந்த அன்பிலேயே பராமரிப்பும் அடக்கம் என்று உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதும் உண்டு, வாதாடிப் பார்க்கலாம். மனுவில் ஜீவனாம்சம், பத்திர ரத்து இரண்டையும் கேளுங்கள், பலர் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு அப்புறம் அலைகிறார்கள். மகன் ஊரைக் கூட்டிப் பஞ்சாயத்து பேசலாம் என்பான், பேசட்டும், மனு கொடுத்த ரசீதைக் கையில் வாங்கிய பிறகு பேசட்டும்.

முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் தனி விஷயம், இ-சேவை மையத்தில் பதியலாம். இன்றைக்கே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14567, முதியோர் உதவி எண், கட்டணமில்லை.

அந்தப் பத்திரத்தின் நகலில் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே போடுங்கள், பெயர்களை மறைத்துவிட்டு.