நாய் மேல ஸ்கங்க் அடிச்சிருச்சு, நாத்தம் போகவே மாட்டேங்குது!

கேள்வி: டாக்டர், ராத்திரி பின்பக்கம் விட்டப்போ எங்க லாப்ரடார் நாய் மேல ஸ்கங்க் (மிரண்டா நாத்தத் திரவத்தைப் பீச்சற சின்னக் காட்டு விலங்கு) அடிச்சிருச்சு. தக்காளி ஜூஸ் ஊத்தி தேய்ச்சா போயிரும்னு எல்லாரும் சொன்னாங்கன்னு தேய்ச்சோம், அப்புறம் ஷாம்பூ போட்டு ஒரு குளியல், அப்போ போன மாதிரிதான் இருந்துச்சு, காலையில பார்த்தா குடலைப் புடுங்குது. உள்ள சேர்க்கவே முடியல, அது வேற கதவைப் பிராண்டிக்கிட்டே இருக்கு. என்னதான் பண்றது?

பதில்: தக்காளி ஜூஸ் கதையை முதல்ல மூட்டை கட்டி வைங்க. அது நாத்தத்தை எடுக்கவே இல்ல, உங்க மூக்குதான் அசந்துபோச்சு. ஒரே நாத்தத்தை ரொம்ப நேரம் மோந்துட்டே இருந்தா மூக்கு அதைக் கண்டுக்காம விட்டுரும், அப்போ தக்காளி வாசனை மட்டும் தெரியும், ஆஹா வேலை செய்யுதுன்னு நாமளே நம்பிருவோம். அந்த நேரத்துல புதுசா யாராவது வந்திருந்தா வாசல்லயே திரும்பி ஓடியிருப்பாங்க.

ஸ்கங்க் பீச்சுறது ஒரு எண்ணெய்ப் பசையான திரவம், அதனால வெறும் தண்ணிக்கு அசையாது. நாத்தத்துக்குக் காரணம் அதுல இருக்கற தயால்ங்கற கந்தகச் சேர்மங்கள், சமையல் கேஸ் கசிஞ்சா தெரியணும்னு சேர்ப்பாங்களே, அதே குடும்பம். அது போக தயோஅசிட்டேட்னு இன்னொரு வகையும் இருக்கு, அது முதல்ல அவ்வளவா நாறாது, ஆனா ஈரம் பட்டா மெல்ல மெல்ல தயாலா மாறும். நாத்தம் போயிருச்சுன்னு நிம்மதியா இருக்கும்போது மழையில நனைஞ்ச நாய் திரும்ப நாறுறது இதனாலதான்.

ஆக, வாசனை போட்டு அமுக்கறதுல பிரயோஜனம் இல்ல, அந்த தயாலையே வேற பொருளா மாத்தணும். அதுக்கு வழி சொன்னவர் பால் க்ரேபாம்னு ஒரு அமெரிக்க வேதியியலாளர். 1993-ல அவர் சொன்ன கலவையைத்தான் இன்னைக்கும் நாங்க சொல்றோம். 3% ஹைட்ரஜன் பெராக்சைடு கிட்டத்தட்ட 1 லிட்டர், பேக்கிங் சோடா கால் கப், பாத்திரம் கழுவற லிக்விட் சோப் 1 இல்ல 2 டீஸ்பூன். சோப் எண்ணெய்ப் பசையைப் பிரிச்சு விடும், பெராக்சைடும் சோடாவும் சேர்ந்து தயாலை நாத்தமில்லாத, தண்ணியில கரையற பொருளா மாத்திரும். பேக்கிங் பவுடரைப் போட்டுட்டு வேலை செய்யலைன்னு சொல்லாதீங்க, அது வேற இது வேற. 3%-க்கு மேல இருக்கற பெராக்சைடும் வேண்டவே வேண்டாம், தோல் பொசுங்கிரும்.

கையுறை போட்டுக்கங்க, நாயை வெளியிலயே வச்சுக்கங்க. தண்ணி ஊத்தாம, காஞ்ச முடி மேலயே கலவையைப் போட்டு தோல் வரைக்கும் இறங்கற மாதிரி நல்லா தேய்ங்க. முகத்துக்கு மட்டும் ஸ்பான்ஜ்ல தொட்டுத் தொட்டு, கண்ணு வாய் பக்கம் போகாம (பெரும்பாலும் முகத்துலதான் அடி விழுந்திருக்கும், மூக்கை நீட்டிட்டுப் போறது இவங்கதானே). 5 நிமிஷம் விட்டு நல்லா அலசிருங்க, அதுவரைக்கும் நக்க விடாதீங்க. நாத்தம் மிச்சம் இருந்தா புதுசா கலக்கி இன்னொரு தடவை. கறுப்பு முடி கொஞ்சம் வெளுக்கலாம், அது வளர்ந்துரும், விடுங்க.

கேள்வி: இந்தக் கலவையை முன்னாடியே பண்ணி பாட்டில்ல வச்சுக்கலாமா டாக்டர்? ப்ளீச் இன்னும் சீக்கிரம் வேலை செய்யுமாமே?

பதில்: ரெண்டும் வேண்டாம். கலந்த உடனே ஆக்ஸிஜன் வெளிய வர ஆரம்பிச்சிரும், மூடி வச்சா அழுத்தம் ஏறி பாட்டிலே வெடிக்கும், தவிர கொஞ்ச நேரத்துல அதோட வீரியமும் போயிரும். திறந்த பக்கெட்ல அப்பப்போ கலக்கி, மிஞ்சினதைக் கொட்டிருங்க. பொருளை வேணா தனித்தனியா வாங்கி வச்சுக்கங்க, ஸ்கங்க் ராத்திரியிலதான் அடிக்கும், அப்போ போய் கடை தேட முடியாது. ப்ளீச்சை நாய் பக்கமே கொண்டு போகாதீங்க, தோலும் கண்ணும் வெந்துரும்.

கேள்வி: எங்க நாய்க்கு கண்ணு சிவந்து தண்ணியா ஊத்துது, வாயில எச்சில் வடியுது. பயமா இருக்கு டாக்டர்.

பதில்: அப்படின்னா குளியல் அப்புறம், கண்ணு முதல்ல. சுத்தமான தண்ணியோ சலைனோ விட்டு 10, 15 நிமிஷம் பொறுமையா கழுவுங்க. எச்சிலும் ஒண்ணு ரெண்டு வாந்தியும் வழக்கமா வர்றதுதான். கழுவின பிறகும் கண்ணைத் திறக்காம சுருக்கிக்கிட்டே இருந்தா டாக்டர் கிட்ட காட்டிருங்க.

இன்னொண்ணு, இது அபூர்வம், ஆனா தெரிஞ்சு வச்சுக்கணும். நிறைய பட்டிருந்தாலோ உள்ள போயிருந்தாலோ சில நாய்களுக்கு ரத்த சிவப்பணுக்கள் உடையும். அடுத்த சில நாள்ல நாய் சுருண்டு படுத்தா, ஈறு வெளுத்தா, மூத்திரம் பழுப்பா போனா, காத்துட்டு இருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.

நாத்தம் நாத்தம்னு எல்லாரும் ஓடறதுல மறந்துடற விஷயம் கடி. வட அமெரிக்காவுல ரேபிஸ் பரப்பற காட்டு விலங்குகள்ல ஸ்கங்க்கும் முக்கியமானது. முடியை விலக்கி கடியோ கீறலோ இருக்கான்னு பாருங்க, இருந்தா தடுப்பூசி போட்ட நாயா இருந்தாலும் டாக்டருக்குச் சொல்லணும், பூஸ்டர் போட வேண்டி வரும்.

கேள்வி: திரும்ப அடிக்காம இருக்க என்ன பண்ணணும்?

பதில்: ஸ்கங்க் பொதுவா எடுத்தவுடனே அடிக்காது, முன்னங்காலைத் தரையில தட்டும், சீறும், வாலைத் தூக்கும், இவ்வளவு எச்சரிச்ச பிறகுதான் அடிக்கும், குறி 3 மீட்டர் வரைக்கும் தப்பாது. நம்ம நாய்ங்களுக்கு அதெல்லாம் விளையாடக் கூப்பிடற மாதிரி தெரியுது, என்ன செய்ய. இருட்டினதும் நாயைக் கயித்துல பிடிச்சே வெளிய கூட்டிட்டுப் போங்க, விடறதுக்கு முன்னாடி லைட்டைப் போட்டு ஒரு சுத்து பாருங்க. குப்பைத்தொட்டியை இறுக்கி மூடுங்க, நாய் சாப்பாட்டை ராத்திரி வெளிய வைக்காதீங்க. படிக்கட்டுக்கு அடியில பொந்து இருந்தா அடைக்கலாம், ஆனா உள்ள எதுவும் இல்லைன்னு உறுதி பண்ணிட்டு அடைங்க, குட்டி போடற வசந்த காலத்துல ரொம்ப கவனம்.