மாரி விட்ட பிறகு கேம்பர் வானில் பூஞ்சணம்: வாசகர் கேள்விகள்

மார்கழி, தை மழை ஓய்ந்ததும் திருகோணமலைப் பக்கத்திலிருந்து வரும் கேள்விகள் அநேகமாக ஒரே விஷயத்தைப் பற்றியவைதான். சித்திரைக்குப் பிறகு பயணிகள் வரத் தொடங்கிவிடுவார்கள். அதற்குள் செய்ய வேண்டிய வேலை இது.

பழைய டொல்பின் வானைக் கேம்பராக (உள்ளேயே படுத்துச் சமைக்கும் வான்) மாற்றி வாடகைக்கு விடுகிறோம். கட்டிலுக்கு மேலுள்ள பலகையில் கறுப்புப் புள்ளிகள். பிளீச் போட்டுத் துடைத்தாலும் திரும்ப வருகிறது. (நிலாவெளி)

துடைப்பதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். தண்ணீர் எங்கே உள்ளே வருகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கூரைச் சட்டத்தின் வழியே ஓடி, தாழ்ந்த இடம் பார்த்துத்தான் சொட்டும்.

ஒருவர் டோர்ச்சோடு உள்ளே இருக்கட்டும். மற்றவர் வெளியே நின்று ஹோஸால் தண்ணீர் விடட்டும், கீழிருந்து மேலாக: முதலில் யன்னல் விளிம்பு, அப்புறம் பீலி, கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் பொறுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து, எது ஓட்டை என்றே தெரியாது. மாற்றிய வான்களில் நான் முதலில் சந்தேகப்படுவது கூரை விசிறியின் விளிம்பையும், சோலார் தகட்டுக்கு அடித்த ஆணிகளையும்.

பழைய சிலிக்கனின் மேல் புதிதாகப் பூசாதீர்கள், ஒட்டாது. முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டு, விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப்பும் (ஒட்டும் இறப்பர் நாடா) மேலே பொலியூரத்தேன் சீலரும் (இடைவெளி அடைக்கும் பசை) போடுங்கள்.

சரி, பிளீச் ஏன் உதவவில்லை? பிளைவூட்டில் குளோரின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது, அதிலுள்ள தண்ணீர் மட்டும் உள்ளே ஊறுகிறது. நிறம் போகும், பூஞ்சணத்தின் இழைகள் மரத்துக்குள் உயிரோடிருக்கும். ஸ்குரூ டிரைவர் நுனியால் பலகையை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் அந்தத் துண்டை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. உறுதியாக இருந்தால் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, வினாகிரி தடவி ஒரு மணி நேரம் விட்டுத் துடையுங்கள். ஈரமானியில் பலகையின் ஈரம் 15 வீதத்துக்குக் கீழே வரும்வரை விசிறி போட்டுக் காயவிட்ட பிறகுதான் உள்பலகையை மூட வேண்டும். அவசரப்பட்டு மூடினால் அடுத்த மாரி வரை அது உள்ளேயே வளரும்.

பிளீச்சையும் வினாகிரியையும் கலந்தால் வேலை சுருக்காக முடியுமா? (கிண்ணியா)

ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். வானுக்குள் அது உயிராபத்து. சும்மா துடைக்கும்போதும் கதவுகளைத் திறந்து, முகக்கவசமும் கையுறையும் போடுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களை அந்த வேலைக்கு விட வேண்டாம்.

மெத்தையை எத்தனை நாள் வெய்யிலில் போட்டாலும் இரவில் பிசுபிசுக்கிறது, மணமும் போகவில்லை. (உப்புவெளி)

அது கடல் உப்பின் வேலை. காற்றின் ஈரப்பதன் சுமார் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். குளித்துவிட்டு ஈர உடுப்போடு இருந்த மெத்தையில் உப்பு ஊறியிருக்கும். உறையைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுங்கள், பஞ்சையும் அலசிப் பிழிந்து காயவிடுங்கள். உள்ளே கறுப்புப் படர்ந்திருந்தால் பஞ்சை எறிந்துவிடுங்கள்.

தையில் நுவரெலியா போய் வானுக்குள் தங்கினோம். மழையே இல்லை, ஆனாலும் காலையில் யன்னலெல்லாம் தண்ணீர், மெத்தைக்கு அடியும் ஈரம். (உவர்மலை)

ஒழுக்கில்லை, உங்கள் மூச்சும் காஸ் அடுப்பும்தான். ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். அது குளிர்ந்த கண்ணாடியிலும் தகரத்திலும் படிகிறது. குளிருக்காக எல்லாவற்றையும் அடைக்கத் தோன்றும். ஆனாலும் எதிரெதிராக இரண்டு யன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். சமைக்கும்போது கூரை விசிறியும் ஓடட்டும். பூட்டிய வானில் அடுப்பு எரிப்பது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவின் ஆபத்தும்கூட, தயவுசெய்து செய்யாதீர்கள். மெத்தைக்கு அடியில் முழுப் பலகைக்குப் பதிலாக இடைவெளி விட்ட சட்டங்கள் போட்டால் காற்று ஓடும்.

அடுத்த ஐப்பசியில் தறப்பாளால் இறுக்கி மூடி நிறுத்தலாமா? (சீனக்குடா)

வேண்டாம். உள்ளிருக்கும் ஈரம் வெளியே போக வழியிருக்காது. வானைத் தொடாமல் மேலே மட்டும் ஒரு கூரை போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தினால் கூரையில் தண்ணீர் தேங்காது. மெத்தைகளை வீட்டுக்குள் கொண்டுபோய், அலுமாரிக் கதவுகளையும் திறந்தே விட்டு வையுங்கள்.