ஒரே எழுத்து இருமுறை வரும் ஆங்கிலச் சொற்களைத் தேடுவது
வணக்கம். ஈ, என், எஸ், எஸ் ஆகிய எழுத்துகள் அடங்கிய சொற்களைத் தேடினால், ஒரே ஒரு எஸ் மட்டும் உள்ள ‘நெஸ்ட்’ போன்றவையும் வந்துவிடுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக வடிகட்டும்போது, அது சொல்லில் உண்டா என்பது மட்டுமே பார்க்கப்படுகிறது. எத்தனை முறை என்பது விடுபட்டுப்போகிறது.

சொற்பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசைப்படுத்தி, மூலச் சொல்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ‘லெசன்’ என்பது ஈ, எல், என், ஓ, எஸ், எஸ் என்றாகும். உங்கள் எழுத்துகளையும் அவ்வாறே வரிசைப்படுத்தி, இடையில் எவை வந்தாலும் அதே வரிசையில் அவை நான்கும் கிடைக்கின்றனவா என்று தேடினால், ‘லெசன்’ தேறும், ‘நெஸ்ட்’ தானாகவே விலகிவிடும். பெரிய எழுத்துகளை முன்னதாகவே சிறிய எழுத்துகளாக மாற்றிவிடுவது மிக அவசியம்.