ஆர்வி எனும் வீட்டு வண்டியில் ஊர் சுற்றும் அமெரிக்க முதியவர்கள், தேவாலயங்கள் நடத்தும் கோடை முகாம் வளாகங்களில் கட்டட வேலை செய்வது எப்படி?

கூலி வாங்காமல்தான் செய்கிறார்கள். வீட்டையே வண்டியாக ஓட்டிக்கொண்டு வருவதால், முகாமுக்கு அவர்களைத் தங்கவைக்கும் செலவு கிடையாது. வண்டி நிறுத்த இடம், 30 அல்லது 50 ஆம்ப் மின் இணைப்பு, தண்ணீர்க் குழாய், கழிவுநீர் வெளியேற வழி, இவ்வளவு கொடுத்தால் போதும். டீசல், சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் அவர்கள் கைக்காசு.

யுனைடெட் மெதடிஸ்ட் சபையைச் சார்ந்த 'நோமட்ஸ்' அமைப்பில் ஒரு பணி வழக்கமாக மூன்று வாரம். வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் வேலை. மீதி நேரம் ஊர் பார்க்கலாம். வயதானவர்களுக்கு இது நியாயமான ஏற்பாடு என்பேன்.

கோடையில் முகாம் முழுக்கப் பிள்ளைகள். அதனால் பெரிய வேலைகளைப் பெரும்பாலும் மற்ற மாதங்களில் வைத்துக்கொள்கிறார்கள். மழையில் ஊறிப்போன வராந்தாப் பலகையைப் பெயர்த்துவிட்டுப் புதிது அடிப்பது, ஆடும் அடுக்குக் கட்டிலுக்குப் போல்ட் முறுக்குவது, கூரை ஓடு மாற்றுவது, பெயின்ட், குழாய் ரிப்பேர் என்று போகும். சரி, தச்சு தெரியாதவர்கள்? அவர்களுக்கும் வேலை உண்டு. திரைச்சீலை தைக்கலாம், சுவரைச் சுரண்டித் தேய்க்கலாம். ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் குழுவில் இருந்துவிட்டால் முகாமுக்கு அது பெரிய அதிர்ஷ்டம். ஆனாலும் உள்ளூர் விதிப்படி உரிமம் வேண்டிய வேலையை உரிமம் உள்ளவர்தான் செய்ய வேண்டும்.

சின்ன முகாம்கள் பல நன்கொடையில்தான் ஓடுகின்றன. மரமும் ஆணியும் வாங்கப் பணம் திரட்டிவிடலாம், கூலிக்குத்தான் கையைப் பிசைவார்கள். அந்த இடத்தில்தான் இவர்கள் வந்து நிற்கிறார்கள்.